யாருடைய நேரம்?

கடல்கடந்த நாடுகளின் மென்பொருள் நிறுவனங்களுக்காக யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இன்று பணிபுரிகின்றனர். வேலை தாமதமாகுந்தோறும் ‘அவர்களுக்குப் பொறுப்பில்லை’ என்று மேலைநாட்டு முகாமையாளர் குறைகூறுகின்றனர். குறை ஆளிலன்று; ஏற்பாட்டிலேயே உள்ளது.

ரொறன்ரோவில் பனிக்காலத்துக் காலை 10 மணி, இங்கே இரவு 8.30. அங்கே காலைத் தேநீருடன் கூட்டம் தொடங்குகின்றது. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்நகருக்கு வேலைக்கு வருபவருக்கோ வீடுதிரும்பப் பேருந்தில்லை. நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்கும் குறிகட்டுவானிலிருந்து படகும் வேண்டும். கூட்டம் முடியும்வரை எந்தப் படகும் காத்திருப்பதில்லை.

பகலில் எழும் ஐயத்துக்கு விடையளிக்க வேண்டியவர் அப்போது உறங்குகின்றார். காத்திருந்தால் ஒரு நாள் வீண். ஊகித்துச் செய்தால் வேலை பிழை. இரண்டுக்கும் பழி இங்குள்ளவருக்கே.

‘நேரவேறுபாடு இயற்கை, யாரை நோவது?’ என்பர். சூரியன் இயற்கை, கூட்டநேரம் அன்று. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்தள்ளியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே பேணின. 2006இல் அரசும் அந்நேரத்துக்கே மீண்டது. நாட்டின் கடிகாரமே கட்டளைக்கு நகருமாயின், ஒரு கூட்டத்தின் நேரம் நகராதென்பது எங்ஙனம்?

நாம் வேண்டுவது சலுகையன்று, நீதி. கூட்டநேரம் முறைவைத்து மாறட்டும்: ஒரு வாரம் நாம் விழித்திருப்போம், மறுவாரம் அவர்கள் விழித்திருக்கட்டும். முடிவெடுக்கும் அதிகாரத்திலும் ஒரு பங்கு இங்கே வரட்டும். இதனைக் கேட்கத் துணியாது, இரவுவிழிப்பையே தகைமையென மாணவருக்குப் போதிக்கும் கல்வியாளரும் இவ்வநீதிக்குத் துணைபோகின்றவரே.