எண்ணெயும் கைகளும்

குழந்தை பிறந்த வீட்டில் அம்மம்மாவோ அப்பாச்சியோ கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின்மேல் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்ப்பது எமது சமூகத்தின் நீண்டகால வழக்கம். இன்று பல இளம் தாய்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் மூத்தவர்கள் இல்லை. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணங்களும் குடும்பங்களைப் பிரித்துவிட்டன. மூத்தவர்களின் இடத்தை விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. நாட்கூலியில் வாழும் குடும்பத்திலும், வாசனை 'பேபி ஒயில்' போத்தல் வாங்க முடியாவிட்டால் பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டதாகத் தாய் கவலைப்படுகிறாள். "எந்த எண்ணெய் நல்லது?" என்பதே களப்பணியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஆனால் பயன் பெரும்பாலும் எண்ணெயில் அல்ல, நீவும் கைகளிலேயே உள்ளது.

அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு 3 தடவை, தடவைக்கு 15 நிமிடம் என 10 நாட்கள் நீவிப் பார்த்தனர். நீவப்படாத குழந்தைகளை விட அவர்களின் நாளாந்த நிறை அதிகரிப்பு 47 வீதம் கூடுதலாக இருந்தது. இம்முடிவு 1986இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையிலும், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு உடல் முழுவதும் மென்மையாக நீவிவிடலாம் என்று கூறப்பட்டுள்ளது. அதேவேளை, தோல் நோய் வராமல் தடுப்பதற்கென இக்குழந்தைகளுக்கு வழமையாக எண்ணெயோ பூச்சோ பூசத் தேவையில்லை என்பதும் அதே பரிந்துரைதான்.

எண்ணெய் கை வழுக்கிச் செல்ல உதவுகிறது. தோலின் ஈரப்பதனையும் காக்கிறது. அதற்கு வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். மலையகக் குளிரில் அது உறைந்தால், போத்தலை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வையுங்கள். சூரியகாந்தி எண்ணெயும் நல்லதே. டாக்கா சிசு வைத்தியசாலையில் அதைப் பூசிய குறைமாதக் குழந்தைகளுக்கு, எதுவும் பூசாத குழந்தைகளை விட வைத்தியசாலைத் தொற்று 41 வீதம் குறைவாக இருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் குறைமாதப் பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டே எதையும் பூச வேண்டும். விலை கூடிய ஒலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்புப் படையைப் பலவீனப்படுத்தக்கூடும். கடையில் விற்கும் பேபி ஒயில்களிற் பல, கனிய எண்ணெயில் வாசனை சேர்த்தவையே.

எப்படிச் செய்வது?

பிள்ளை பால் குடித்து அரை மணி நேரமாவது கழியட்டும். காற்றுப் படாத இடத்தில், நகம் வெட்டிய, கழுவிய கைகளில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்குங்கள். முதல் நாள் கையில் சிறிது பூசி, மறுநாள் வரை தடிப்பு ஏற்படுகிறதா எனப் பாருங்கள். பிறகு காலில் தொடங்கி, கை, நெஞ்சு, முதுகு என நிதானமாக நீவுங்கள். வயிற்றை மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பிள்ளை அழுதால் நிறுத்திவிடுங்கள்.

எமது வழக்கங்களில் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். பச்சிளம் பிள்ளையின் மார்பைப் பிதுக்கக் கூடாது. மூக்கையும் தலையையும் அழுத்தி வடிவமைக்கக் கூடாது. காய்ச்சல், கொப்புளம், நீர் வடியும் சிரங்கு உள்ள வேளையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது.

தாயின் உடல்

பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் தாயின் முதுகைத் தொட்டு நீவ யார் இருக்கிறார்கள்? முன்பு சரக்கரைத்துக் கொடுத்து, உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துவிட ஒருவர் இருந்தார். இன்று பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே அடுப்படியும் கிணற்றடியும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. பராமரிப்பைக் கொடுப்பது மட்டுமே பெண்ணின் பங்கு, பெறுவது அல்ல என்று நாம் பழகிவிட்டோம். கணவரோ மாமியோ பத்து நிமிடம் அவளது தோளையும் முதுகையும் நீவிவிட்டால் செலவு எதுவுமில்லை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைத் தகப்பனும் பழகலாம்.

சத்திரசிகிச்சைக் காயத்தின் மேல் அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதை நீவவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கலாம்; அது கலைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலும் மனச்சோர்வும் அழுகையும் தொடர்ந்தால், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சகோதரிகளே, உங்கள் அயலில் அண்மையில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி இருந்தால் ஒரு தடவை சென்று பாருங்கள். பரிசாகப் போத்தல் கொண்டுபோக வேண்டியதில்லை. பிள்ளையைச் சற்று வாங்கி வைத்திருந்து, அவள் ஆறுதலாக முழுகிவிட்டு வர இடம் கொடுத்தாலே போதும்.