விமானி தோழர்களே, அந்தப் பில்லைக் கட்டாதீர்கள்!

ஐரோப்பிய வானில் சொந்த விமானமோ கிளப் விமானமோ ஓட்டும் தோழர்களே! ‘யூரோகண்ட்ரோல் வழித்தடக் கட்டணம், நிலுவை, உடனே செலுத்தவும்’ என்று உங்களுக்கு மின்னஞ்சலில் ஒரு பில் வந்திருக்கிறதா? பணத்தை அனுப்பாதீர்கள். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பதிலும் போடாதீர்கள்.

பிரஸ்ஸல்ஸில் இருந்து ஐரோப்பிய வழித்தடக் கட்டணத்தை வசூலிக்கும் யூரோகண்ட்ரோலின் பெயரில் போலி பில்கள் கிளம்புவது புதிதல்ல. அந்த அமைப்பே பலமுறை எச்சரித்துவிட்டது. பில்லைப் பார்த்தால் அசல் போலவே இருக்கும். மேலே இலச்சினை, அதன் கீழே பில் எண், உங்கள் விமானத்தின் பதிவெண், பறந்த தேதி, புறப்பட்ட இடம், இறங்கிய இடம். எல்லாம் முடிந்தபின் அடியில் ஒரே ஒரு வரி: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்குக்கே அனுப்பவும்.” மற்ற அலங்காரம் முழுக்க இந்த ஒரு வரிக்காகத்தான்.

“என் பதிவெண்ணும் நான் பறந்த நாளும் சரியாக இருக்கிறதே, பிறகெப்படிப் போலியாகும்?” என்று கேட்பவர்தான் முதலில் ஏமாறுகிறார். பதிவெண்ணை விமானத்தின் உடம்பிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பிரிட்டனின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வந்து நிற்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் தனியார் உரிமையாளர்கள் தங்கள் விவரங்களை மறைக்கும்படி கேட்க வழி பிறந்தது. போதாக்குறைக்கு, ஏடிஎஸ்-பி கருவி பொருத்தியிருந்தால் நாம் எங்கே பறக்கிறோம் என்பதை அதுவே நொடிக்கு நொடி அறிவித்துக்கொண்டிருக்கிறது. விமானத் தடம் காட்டும் தளங்களில் எவரும் உட்கார்ந்து பார்க்கலாம். பில்லில் உங்கள் விவரம் சரியாக இருப்பது எதற்கும் சான்றல்ல, தோழர்களே. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம் விதிமுறை. அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2 டன்னுக்குக் குறைவான விமானத்துக்கு வழித்தடக் கட்டணமே கிடையாது. முழுக்க விஎஃப்ஆர் விதியில் (கண்ணால் பார்த்து) பறந்தால், விலக்குத் தருவது அந்தந்த நாட்டின் விருப்பம். நம் கிளப்புகளில் பாதிப் பேர் ஓட்டும் செஸ்னா 172எஸ் 1,157 கிலோதான். அதற்கு வழித்தடக் கட்டணம் கேட்டு ஒரு பில் வந்தால், யோசிக்கவே வேண்டாம், மோசடி. (விமான நிலையம் கேட்கும் இறங்கு கட்டணம் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பிலாட்டஸ் பிசி-12 போன்ற கனமான விமானங்களை ஐஎஃப்ஆரில் (கருவிகளை நம்பி) ஓட்டுபவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. அவர்களுக்கு அசல் பில்லும் வரும், போலியும் வரும். பறப்புப் பதிவேட்டைத் திறந்து, பயணம் பயணமாக ஒத்துப் பாருங்கள். ஒத்துப் போனாலும் கணக்கு எண்ணைப் பழைய பில்லோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

அனுப்பியவரின் முகவரியைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். யூரோகண்ட்ரோலின் முகவரி ‘டாட் இன்ட்’ என்று முடியும். நாடுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய அமைப்புகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். காசு கொடுத்து எவனும் வாங்க முடியாது. அதனால்தான் மோசடிக்காரர்கள் ‘இன்ட்’ என்பதை நடுவில் ஒரு கோட்டோடு செருகி, கடைசியில் ‘டாட் காம்’ போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் கண் அதைத் தாண்டிவிடும். முகவரி சரியாகத் தெரிந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடலாம், அசல் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே புகுந்தும் அனுப்பலாம். ஹேங்கர் வாடகை, பராமரிப்புப் பட்டறை, எரிபொருள் என்று எந்தப் பில்லிலும் இதே வித்தை நடக்கும். கணக்கு எண் மாறியதா, உடனே போன் போட்டுக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு.

யூரோ மண்டல வங்கிகள் 2025 அக்டோபர் 9 முதல், பணம் போகும் முன் பெறுபவரின் பெயரும் ஐபான் எண்ணும் பொருந்துகிறதா என்று சொல்லியாக வேண்டும். ‘பொருந்தவில்லை’ என்று திரையில் வந்தால் அதைத் தள்ளிவிட்டு மேலே போகாதீர்கள். உடனடிப் பரிமாற்றத்தில் பணம் 10 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பிவிட்டீர்கள் என்றால் அடுத்த வேலை வங்கிக்குப் போன், அதற்கடுத்தது காவல்துறை. கிளப்பில் நாலு பேர் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு மூடி மறைக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த தோழரின் பணம் போகிறது.

ஓடுபாதையில் பறவைக் கூட்டம் கண்டால் பின்னால் வருபவருக்கு வானொலியில் சொல்லாமல் இருப்போமா? போலி பில்லையும் அப்படியே சொல்லுங்கள். கிளப் அறிவிப்புப் பலகையில் அதன் நகலை ஒட்டுங்கள். இன்று மாலைக்குள் உங்கள் பொருளாளரைக் கூப்பிடுங்கள். கணக்கு மாறியதாக வரும் எந்தப் பில்லுக்கும், நேரில் அல்லது போனில் கேட்டு உறுதிசெய்யாமல், ஒரு யூரோகூட வெளியே போகக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.