சீசன் திறந்தது, பாதை எப்பிடி?

மாசி பிறந்தால் எங்கட பக்கத்துப் பெடியள், பெட்டையளிட்ட ஒரு கதை தொடங்கும். "சிவனொளிபாதமலை சீசன் திறந்திட்டுது தானே, எப்ப வெளிக்கிடுவம்?" போன வருசம் நாங்களும் அப்பிடித்தான் கேட்டனாங்கள். ஒன்பது பேர், ஒரு வான், அச்சுவேலிச் சந்தியில் இருந்து நல்லதண்ணி வரைக்கும் பாட்டு. பாதை இப்ப எப்பிடி இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அது ஏன் எண்டு இப்ப யோசிக்கிறம்.

முதலில் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். சீசன் எண்டது வானிலையை வைச்சுக் குறிச்ச காலம் இல்லை. டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும் யாத்திரைக் காலம் அது. அந்த மாதங்களில் பாதையில் மின்விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். அதுக்காகப் படி காய்ஞ்சிருக்கும் எண்டு ஒருத்தரும் உத்தரவாதம் தரேல்லை. தொடக்கத்தில் வடகீழ்ப் பருவமழையின் ஈரம் இருக்கும். முடியிற நேரம் தென்மேற்குப் பருவமழை வந்து சேரும். நடுவில் வாற மாசியும் பங்குனியும்தான் ஓரளவு காய்ந்த காலம். அதிலும் மார்ச்சோடு இடைப்பருவம் தொடங்கிவிடும். விடிய வானம் பளிச்செண்டு இருக்கும். பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டும். இறங்கப் பிந்தினவை நனைந்த படியில்தான் கால் வைக்கவேணும்.

அச்சுவேலியில் வெங்காயம் நடுகிற ஒருத்தரும் கலண்டரை மட்டும் பாத்து நடுகிறதில்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பாப்பினம், வானத்தைப் பாப்பினம், பக்கத்துத் தோட்டக்காரரைக் கேப்பினம். அந்தப் பழக்கம் எங்களுக்கும் தெரியும். பயணம் எண்டு வந்தவுடனே அதை வீட்டில விட்டிட்டுப் போறம்.

நாங்கள் கடல் மட்டத்தோடு ஒட்டி வாழுற ஆக்கள். உச்சியோ 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் எண்டு புவியியலில் படிச்சிருக்கிறம். கணக்குப் போட்டால் எங்கட முற்றத்தை விட அங்கை 14 பாகைக்கு மேல் குளிர். காத்து வேறை. நல்லதண்ணியில் இருந்து மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம். பரீட்சையில் எழுதின கணக்கு, பை கட்டேக்கை ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை. பருத்தி ரீசேட்டோடு ஏறினனாங்கள்.

பாதித் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கை இருந்த அக்கா சொன்னா: "மேல காத்து புடிச்சிருக்கு புள்ளைங்களா. இப்பவே போய் நிக்காதீங்க. இங்கன உக்காந்து நாலு மணிக்கு மேல கெளம்புங்க, விடியிறதுக்கு சரியா இருக்கும்." நாங்கள் ஆளையாள் பாத்துச் சிரிச்சம். இன்னும் ரெண்டு தேத்தண்ணி விக்கப் பாக்கிறா எண்டு நினைச்சம்.

ரெண்டரைக்கு உச்சி. வேர்வையில் நனைந்த உடுப்பில் காத்து அடிச்சது. ஒரு மணித்தியாலத்துக்குள்ளை எங்களில் ஒருத்தி நடுங்கத் தொடங்கினா. பிறகு கதை குழறத் தொடங்கிட்டுது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒராள், எங்களிட்ட ஒண்டும் கேக்காமல், தன்ர கம்பளியை எடுத்து அவளைச் சுத்தினா. எல்லாரும் நெருங்கி அணைச்சுக்கொண்டு விடியும் மட்டும் இருந்தம். சூரியன் வந்ததை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.

திரும்பி வரேக்கைதான் எங்களுக்கு உறைச்சது. யூரியூப்பில் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டின மூண்டு நிமிச வீடியோவை நம்பினம். அந்த மலையடியிலேயே வாழுற ஒரு பொம்பிளையின்ர சொல்லை நம்பேல்லை. அவவின்ர தமிழ் எங்கட தமிழ் மாதிரி இல்லை எண்டதும் அதுக்கொரு காரணம். "தோட்டக்காட்டார்" எண்ட சொல்லைக் கேட்டு வளந்த வீடுகள் எங்கட வீடுகள். அந்தச் சொல்லை நாங்கள் வாயால் சொல்லாட்டிலும், காதுக்குள்ளை அது கிடக்கு.

"அந்தக் காலத்தில எங்கட அம்மம்மா வெறுங்காலோட ஏறினவ" எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். ஏறினவதான். ஆனால் மெல்ல ஏறி, இருந்து இருந்து போனவ. பாதை தெரிஞ்ச ஆளோடு போனவ. சிங்கள யாத்திரைக் குழுக்களில் முன்னம் பலமுறை ஏறின ஒருத்தர் "நடே குரா" எண்டு வழிநடத்துவார். இன்னும் பின்னுக்குப் போனால், 1344இல் இபின் பதூதா இந்த மலைக்குப் போகவேணும் எண்டு கேட்டது யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியிட்டத்தான். அரசன் அவரோடு அனுப்பின ஆக்களில் வருசா வருசம் அந்தப் பாதத்துக்குப் போய்வாற நாலு யோகிகளும் இருந்தவை. வழியில் அட்டை கடிச்சால் பிழிய எலுமிச்சம்பழம் வைச்சிருப்பினம் எண்டதைக்கூட அவர் எழுதி வைச்சிருக்கிறார். பாதை தெரிஞ்ச ஆளைச் சேர்த்து அனுப்பவேணும் எண்டது எங்கட அரசனுக்கு அண்டைக்கே விளங்கியிருக்கு.

ஆகவே எங்கட கருத்து இது. மாவட்டத்துக்கெண்டு வாற பொதுவான வானிலை அறிவிப்பு, மகாகிரிதம்ப ஏற்றத்தில் படி ஈரமோ, நெரிசலோ எண்டு சொல்லாது. சீசன் காலத்தில் பாதையின் நிலைமையை நாளாந்தம் தமிழிலும் அறிவிக்கவேணும். அதைச் சொல்ல அந்தப் பாதையில் உழைக்கிற மலையக ஆக்களை விடத் தகுதியான ஆக்கள் இல்லை. அந்த வேலையை சம்பளத்தோடு அவைக்குக் குடுக்கவேணும். யாழ்ப்பாணத்தில் இருந்து பயணம் ஒழுங்கு செய்யிற ஆக்கள் "ஒரே இரவில் ஏறி இறங்கலாம்" எண்டு மட்டும் சொல்லாமல் குளிரையும், இறங்கேக்கை முழங்கால் படுற பாட்டையும் சொல்லவேணும். போயா இரவும் சனி இரவும் உச்சிக்குக் கிட்டச் சனம் அசையாமல் நிக்கும் எண்டதையும் சொல்லவேணும். போற நாங்கள் மாத்தி உடுக்க ஒரு காஞ்ச உடுப்பு, கம்பளி, ரோச் லைட் கொண்டுபோக வேணும். வெசாக் முடிஞ்ச பிறகு, விளக்கில்லாத பாதையில் இரவில் ஏறுறதை வீரமெண்டு படம் போடுறதை நிப்பாட்ட வேணும்.

இந்த மாசியும் நாங்கள் போறம். நடுங்கினவளும் வாறா. அந்த அக்காவின்ர கடையில் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, அவ கிளம்பச் சொன்னாப் பிறகுதான் மேல போவம்.