துருவத்தில் முதலை இருந்ததாமே!

ஒகேனக்கல் போகிறவர்கள் பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் மூன்றையும் முடித்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் முதலைப் பண்ணையையும் எட்டிப் பார்ப்பார்கள். வெயிலில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்த்தால் ஒன்று புரியும்: வெப்பம் இல்லாத இடத்தில் இந்த ஜீவனுக்குப் பிழைப்பில்லை.

ஆனால் இதன் உறவுக்கார விலங்கு ஒன்று வட துருவத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறது! 1975-ல் மேரி டாசன், ராபர்ட் வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கனடாவின் வட கோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் முதலை இனத்தின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார்கள். வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கூடவே ஆமைகள், டாபிர் வகை விலங்குகள், நீர்யானை போன்ற உடல்வாகு கொண்ட கோரிஃபோடான் என்ற பாலூட்டி எல்லாம் அந்தத் தீவில் கிடைத்திருக்கின்றன. இன்று பனி மூடிய அந்தத் தீவு அன்று சதுப்புக் காடாக இருந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் சிலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். "பார்த்தீர்களா, பூமி இதைவிடப் பெரிய சூட்டையெல்லாம் பார்த்தாச்சு. அப்போது பாலூட்டிகள் செழிப்பாகத்தானே இருந்தன? புவி வெப்பமடைதல் என்று ஏன் இந்தக் கூப்பாடு?" டீக்கடையிலும் கேட்கிறது, வகுப்பறையிலும் கேட்கிறது.

கேட்பதற்கு நியாயம் போலத் தெரியும். ஆனால் அதே புதைபடிவங்கள் சொல்வது வேறு கதை.

முதலில் நேரம். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் சராசரி வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் உயர்ந்தது. அதற்குக் காரணமான கரியமில வாயு காற்றில் சேர சில ஆயிரம் ஆண்டுகளாவது பிடித்தது. இன்று மனிதன் கரியைக் கக்கும் வேகம் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி தாண்டிய முதல் ஆண்டு 2024. சில ஆயிரம் ஆண்டுகளில் நடந்ததையும் சில தலைமுறைகளுக்குள் நடப்பதையும் ஒரே தராசில் வைக்கலாமா?

அடுத்து, விலை. வெப்பம் ஏறியபோது பாலூட்டிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த பற்களை அளந்து பார்த்ததில், பூனை அளவே இருந்த ஆதிகாலக் குதிரை ஒன்று மேலும் 30 சதவீதம் சிறுத்துப்போனது தெரிந்தது (2012-ல் வெளியான ஆய்வு). எல்ஸ்மியரில் வெப்பம் இருந்தாலும் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே கிடையாது. 2009-ல் கோரிஃபோடான் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கோடையில் இலை தழை, நீர்த்தாவரங்களையும் இருட்டு மாதங்களில் சுள்ளி, சருகு, காளான் போன்றவற்றையும் தின்று அங்கேயே காலம் தள்ளியது என்றார்கள். அந்த வாழ்க்கைக்கு "செழிப்பு" என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

மூன்றாவது, வழி. அந்தக் காலத்தில் வடக்கே ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றையும் துருவத்தை ஒட்டிய நிலப்பாலங்கள் இணைத்தன. குதிரையின் முன்னோர்கள், குரங்கினத்தின் முன்னோர்கள் எல்லாம் இந்த மூன்று கண்டங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டுவதற்கு அந்தப் பாதைகளும் ஒரு காரணம். இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. குஜராத்தின் வஸ்தானில், நெய்வேலி மாதிரியான ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், கேம்பேதீரியம் என்ற விலங்கின் எலும்புகள் கிடைத்தன. சுமார் 5.45 கோடி ஆண்டு பழமை. குதிரை, காண்டாமிருகக் கூட்டத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக, சூடான உலகத்தில் பாலூட்டிகள் தப்பியதன் ரகசியங்களில் முக்கியமான ஒன்று, இடம் மாறியது.

இப்போது ஒகேனக்கல்லுக்கே திரும்பி வாருங்கள். சுற்றியுள்ள காடுகளில் யானைகள் இருக்கின்றன. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் (2014, 2022) அவற்றுக்காகவும்தான். தண்ணீர் வற்றினால் அந்த யானை எங்கே போகும்? நான்கு அடி வைத்தால் வயல், மின்வேலி, நெடுஞ்சாலை. கோரிஃபோடானுக்குக் குறுக்கே எந்த வேலியும் இல்லை.

மனிதர்கள் நிலை மட்டும் என்ன? நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத்தான் கொண்டுபோகிறது. அந்த நீர் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நம்பி இருக்கிறது. மழை தடுமாறினால் அந்தக் கிராமத்து ஜனங்கள் துருவத்துக்குக் குடிபெயர முடியுமா? துருவத்தில் பனியே இல்லாத உலகத்தில் கடல்மட்டம் இன்றைவிட 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். அப்படியானால் இதே காவிரி போய்ச் சேரும் டெல்டாவின் பெரும்பகுதி கடலுக்கு அடியில்!

ஒகேனக்கல்லின் கார்பனடைட் பாறைகளுக்கு 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது. பாலூட்டி இனத்தைப்போல் சுமார் 10 மடங்கு பழமை. ஆழத்துக் குழம்பு இறுகி உண்டான பாறை என்பதால் அதில் புதைபடிவம் தேடவும் முடியாது. "பூமி எல்லாவற்றையும் பார்த்தாச்சு" என்ற வசனம் அந்தப் பாறைக்குப் பொருந்தும். எத்தனை டிகிரி ஏறினாலும் அதற்குக் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது பாறை அல்ல. அதன்மேல் நின்று குடத்தில் தண்ணீர் மொள்ளுகிறவர்கள்தான். துருவத்து முதலையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அது சொல்லும் சாட்சியத்தை முழுவதுமாகக் கேட்கட்டும்.