கத்திரிக்கு முன்னே கஞ்சி

மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்தில் தீர்த்தவாரி தரிசனம் செய்துவிட்டு, மறுநாள் காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் திண்ணையில் பாய் விரித்துக் கையில் கத்திரிக்கோலுடன் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பழைய நூல் சேலை. அவள் முகமோ வாடியிருந்தது.

அந்தச் சேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அவ்வூரில் புகுந்தபோது, அவளுடைய தாயாரும் போனார்; வீட்டிலிருந்த பண்டங்களும் போயின. வெளியே சலவைக்குப் போட்டிருந்த இரண்டு சேலைகள் மாத்திரம் மிஞ்சின. இத்தனை வருஷம் பெட்டியில் வைத்துக் காத்தவள், பேத்தி பிறந்ததும் அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போர்வை தைத்துக் குழந்தைக்குப் போர்த்த ஆசைப்பட்டாள்.

"அக்கா, நாலு துண்டு வெட்டினேன், நாலும் நாலு விதமாக இருக்கின்றன. இனிமேல் வெட்டப் பயமாயிருக்கிறது" என்றாள்.

பயம் நியாயமானதே. கடைத்துணி வீணானால் வேறு வாங்கலாம். தாயாரின் சேலையை எந்தக் கடையில் வாங்குவது?

சகோதரிகளே! குற்றம் அவள் கையில் இல்லை. பலமுறை துவைத்த துணியில் இழைகள் தளர்ந்து, விரல் பட்ட இடமெல்லாம் நெளியும். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஓரளவு நிற்கும் துணி, மூலைவாட்டில் இழுத்தால் ரப்பரைப்போல் நீளும். துண்டுக்குக் கால் அங்குலம் பிசகினால், பத்துத் துண்டு சேரும்போது இரண்டரை அங்குலம் கோணிக்கொள்ளும்.

இதற்கு மருந்து நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. தறியில் ஏற்றுமுன் இழை அறாமலிருக்க நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள் அல்லவா? துணி பிறந்தபோது உண்ட அந்தக் கஞ்சியையே மறுபடியும் ஊட்ட வேண்டும். கஞ்சி காய்ந்ததும் இழையோடு இழையை ஒட்டிப் பிடிப்பதால், துணி காகிதத்தைப்போல் விறைத்துக் கத்திரிக்குப் பணியும்.

முதலில் துணியை நன்றாக அலசி உலர்த்துங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் வெட்டுமுன்பே நடந்துவிடட்டும். கதர், கைத்தறித் துணிகளுக்கு இது மிக அவசியம். பிறகு உப்பிடாத வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கஞ்சி இல்லையேல், மரவள்ளிக் கிழங்கு மாவு ஒரு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த ஜலத்தில் கரைத்து, அரை லிட்டர் கொதிநீரில் விட்டுக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி ஆறவிடலாம். துணியை அதில் முக்கி, முறுக்காமல் ஒற்றிப் பிழிந்து, இழை நேராக இருக்கும்படி நீவி, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறத்தில் இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே காற்றின் ஈரத்தில் கஞ்சித் துணி சீக்கிரமே தொய்ந்துவிடும். உச்சி வெயிலில் உலர்த்தி அன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

எல்லாப் போர்வைக்கும் கஞ்சி வேண்டுமென்பதில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழஞ்சேலைகளை அடுக்கி, மேலே ஓட்டுத் தையல் போடுகிறார்கள். சதுரத்தோடு சதுரம் பொருந்தவேண்டிய அவசியம் அதற்கில்லை. துணி மெத்தென்று இருந்தால்தான் ஊசியும் சுலபமாக ஓடும். துண்டுகளை அளவெடுத்து இணைக்கும் வேலைக்கே கஞ்சி உதவும்.

தைத்து முடித்தபின் வெதுவெதுப்பான ஜலத்தில் அலசிக் கஞ்சியை அறவே போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இராமபாணமும் கரப்பானும் அதைத் தேடி வந்து துணியையும் சேர்த்துத் தின்னும். ஈரம் கண்டால் பூஞ்சை பிடிக்கும். குழந்தையின் உடம்புக்கும் விறைத்த துணி ஆகாது.

சிநேகிதி அன்றே கஞ்சி காய்ச்சினாள். கோணிப்போன நான்கு துண்டுகளையும் அதில் முக்கி, நீவி, இஸ்திரி போட்டாள். அவற்றுள் மிகச் சிறியது எதுவோ அதையே அளவாகக் கொண்டு மற்ற மூன்றின் ஓரங்களைச் சீர்செய்தாள். மிச்சச் சேலையையும் அதே அளவுக்கு வெட்டினாள். ஆகவே, தாயாரின் சேலையில் முதலில் வெட்டிய துண்டு ஒன்றுகூட வீணாகவில்லை.