பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என்று ஆயிரம் கேள்விகள் கேட்கிறோம். இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது மட்டும் கடைக்காரர் போடும் ஒரே ஒரு கணக்கை அப்படியே நம்பி விடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

அந்தக் கணக்கு இதுதான். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் 12 x 150 = 1800 வாட் ஹவர். உங்கள் கம்ப்யூட்டருக்கு 130 வாட்ஸ், சீலிங் ஃபேனுக்கு 75, எல்.இ.டி. ட்யூப் லைட்டுக்கு 20, மோடத்திற்கு 15 என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 240 வாட்ஸ். 1800-ஐ 240-ஆல் வகுத்தால் ஏழரை மணி நேரம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மூன்று விஷயங்கள் விடுபட்டுள்ளன.

முதலாவது, இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் மின்சாரம் வீணாகும். 20 சதவீதம் வீணானால், பேட்டரி 300 வாட்ஸ், அதாவது 25 ஆம்பியர் தர வேண்டும். ஏழரை மணி ஆறாகி விடும்.

இரண்டாவது, லேபிளில் உள்ள 150 ஏ.ஹெச். பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. சி20 என்று போட்டிருப்பார்கள். ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும். வேகமாக எடுத்தால் லெட் ஆசிட் பேட்டரி குறைவாகவே தரும். ஜெர்மனியைச் சேர்ந்த பாய்கர்ட் 1897-லேயே இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். அதன்படி ஆறு மணி சுமார் நாலரை மணியாகச் சுருங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். டீப் சைக்கிள் பேட்டரியே ஆனாலும், தினமும் அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். பாதியோடு நிறுத்துவதே நல்லது. அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே அதிகம்தான்.

எனவே "எத்தனை ஏ.ஹெச்.?" என்று மட்டும் கேட்காதீர்கள். "240 வாட்ஸ் போட்டால், பாதி சார்ஜ் குறைய எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், கடைக்காரர் சொன்ன நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்புங்கள். இந்த விவரத்தை லேபிளிலேயே அச்சிட நிறுவனங்கள் முன்வர வேண்டும். நாம் கேட்கத் தொடங்கினால்தான் அது நடக்கும்.