கல்லை உடைக்கிறார்கள், சரி... தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிறார்களா?

"கல்லு உடைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க டாக்டர். அப்புறம் எதுக்கு எனக்கு உயிரு போற வரைக்கும் போச்சு?"

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்ட அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை உண்டு. வலது கிட்னியில் 14 மி.மீ. கல். வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், சிறுநீர் வரும் பாதை வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி, லேசரால் கல்லைப் பொடித்திருக்கிறார்கள். "கத்தியே படாது, மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லியிருந்தார்களாம். அன்று ராத்திரியே குளிர் நடுக்கம். பி.பி. கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. ஆறு நாள் ஐ.சி.யு. பிழைத்தது புண்ணியம்.

அவர் கொண்டுவந்த ஃபைலைப் புரட்டினேன். லேசரின் அளவு இருந்தது. கல்லின் அளவு இருந்தது. ஆபரேஷன் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்ததாகக் குறிப்பு இருந்தது. பில் சுத்தமாக இருந்தது. இரண்டு விஷயங்கள்தான் இல்லை. ஒன்று, ஆபரேஷனுக்கு முன் எடுத்திருக்க வேண்டிய யூரின் கல்ச்சர். இன்னொன்று, ஆபரேஷன் நடக்கும்போது கிட்னிக்குள்ளே அழுத்தம் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு.

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் அதிராம்பட்டினத்தில் உப்பளம் உண்டு, கடல் உண்டு, பொசுக்கும் வெயில் உண்டு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும், வளைகுடா நாடுகளில் வருஷக்கணக்கில் வியர்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதலில் வருவது என்னிடம்தான். சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு என்று ஆரம்பிப்பேன். ஐந்து மி.மீ.க்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் எனக்கு! உண்மையில் பாதிப் புண்ணியம் அவர்கள் குடித்த தண்ணீருக்குப் போக வேண்டும். பெரிய கல் என்றால் நானே சர்ஜனிடம் அனுப்பிவிடுவேன். அனுப்பியவர்கள் திரும்பி வந்து என்னைத்தான் கேட்கிறார்கள். அதனால் நானும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். இந்த ஆபரேஷனில் பலரும் பயப்படுவது லேசருக்கு. பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

கிட்னிக்குள்ளே கருவியை விட்டால் மட்டும் டாக்டருக்கு எதுவும் தெரியாது. ரத்தமும் கல்பொடியும் கலந்து மங்கிவிடும். அதனால் சலைன் தண்ணீரை விடாமல் உள்ளே பாய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் பாய்ந்தால்தான் பார்வை தெளியும், லேசரின் சூடும் ஆறும். அந்தத் தண்ணீர் வெளியே வர வேண்டாமா? வரும் வழியோ ஒடுங்கிய சிறுநீர்க்குழாய். அதையும் கருவியே அடைத்துக்கொண்டிருக்கும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயியிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். படம் போடாமலே புரிந்துகொள்வார். வாய்க்காலில் வரத்து நிற்காமல் வருகிறது, வடிகால் தூர்ந்து கிடக்கிறது என்றால் தண்ணீர் என்ன செய்யும்? வரப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடும். கிட்னியிலும் அப்படியே. உள் அழுத்தம் ஏறினால், அங்குள்ள தண்ணீர் சுவர்களின் மெல்லிய மடிப்புகள் வழியாக ரத்த நாளங்களுக்குள் பின்னோக்கிப் போய்விடும். வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை. கல்லுக்குள்ளே கிருமி குடியிருந்தால், உடைத்த மாத்திரத்தில் அதுவும் அதன் விஷமும் சேர்ந்து ரத்தத்தில் ஏறும். அந்த அம்மாவுக்கு வந்த நடுக்கம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஹின்மன், லீ-பிரௌன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1924-லேயே இந்தப் பின்னோட்டத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டது!

அளவையும் சொல்கிறேன். பி.பி.யை 120/80 என்கிறோமே, அதே பாதரசக் கணக்கில் கிட்னியின் உள்ளே சாதாரணமாக அழுத்தம் 10-க்குள் இருக்கும். 30-ஐத் தொட்டால் பின்னோட்டம் வரும் எல்லை என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். பாதரசத்தில் 30 என்பது தண்ணீர் மட்டத்தில் சுமார் 40 செ.மீ. அதாவது, தண்ணீர் வெளியேற வழியே இல்லாவிட்டால், சலைன் பாட்டிலை கிட்னி மட்டத்திலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் தொங்கவிட்டாலே எல்லையைத் தொட்டுவிடலாம். ஆபரேஷன் தியேட்டரில் பாட்டில் எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்வை மங்குகிறதே என்று உதவியாளர் கை பம்ப்பை ஓர் அழுத்து அழுத்தினால் எண் எங்கேயோ போய்விடும். வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அளந்தால்தானே தெரியும்!

நம் நாட்டிலேயே இந்தப் பாடம் கிடைத்தது. குஜராத்தில் நடியாத் என்ற ஊர். அங்கே முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனை, கல் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றது. டாக்டர் மகேஷ் தேசாயும் அவர் குழுவினரும் முதுகு வழியாக ஊசி அளவு துளையிலேயே கல்லை உடைக்கும் முறையை 2011-ல் வெளியிட்டார்கள். பழைய முறையில் துளை எட்டு முதல் பத்து மி.மீ. வரை இருக்கும். இதில் ஒன்றரை மி.மீ. சொச்சம்தான்! ரத்தச் சேதம் குறைவு, தழும்பு இல்லை. அபாரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் துளை சிறுத்தால் வடிகாலும் சிறுக்கும் அல்லவா? பிறகு வேறு நாட்டில் அளந்து பார்த்தபோது, இந்த முறையில் கிட்னிக்குள் அழுத்தம் பழைய முறையைவிட அதிகமாக இருந்தது. 'துளை எவ்வளவு சின்னது' என்று விளம்பரம் செய்வதை மட்டும் வைத்து ஆபரேஷனை எடை போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? வழிகள் இருக்கின்றன. சிறுநீர்க்குழாயில் ஓர் உறை போன்ற குழாயை முதலில் வைத்து, அதற்குள் கருவியை விட்டால் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். இப்போது உறிஞ்சும் வசதியோடும் அந்த உறை வருகிறது. கல்பொடியும் தண்ணீரும் சேர்ந்து வெளியே இழுக்கப்படும். கருவியின் நுனியிலேயே அழுத்தம் அளக்கும் சென்ஸார் வைத்து, திரையில் எண்ணைக் காட்டும் 'லித்தோவ்யூ எலைட்' என்ற கருவி அமெரிக்காவில் வந்துவிட்டது. ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறியும் சாமான், விலையும் அதற்கேற்றபடி. நம்மூர் ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐ.சி.யு.வில் தமனியின் ரத்த அழுத்தம் அளக்கும் சாதாரண சென்ஸாரையே ஒரு மெல்லிய குழாயோடு இணைத்து கிட்னியின் அழுத்தத்தை அளந்தவர்களும் உண்டு. மனசு வைத்தால் செய்யலாம்.

'அளந்துவிட்டால் நோய்த்தொற்றே வராதா?' என்று ஒரு சர்ஜன் நண்பர் என்னை மடக்கினார். வரலாம். அளப்பதால் மட்டும் எத்தனை பேர் தப்புவார்கள் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்டேன். மயக்க டாக்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பி.பி.யை எழுதி வைக்கிறாரே, எதற்கு? நாம் வெளியிலிருந்து தண்ணீரை ஏற்றும் உறுப்புக்கு மட்டும் கணக்கு வேண்டாமா? நண்பர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

எங்கள் சாஸ்திரத்தில் மலத்தையும் சிறுநீரையும் கீழ்நோக்கித் தள்ளுவது அபான வாயு. அதன் போக்கை எதிர்த்து மேலே செலுத்தினால் கேடு என்பார்கள். இதைச் சொன்னதும், 'சித்தர்கள் அன்றைக்கே அழுத்தமானி வைத்திருந்தார்கள்' என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் ஐயா! பாளையங்கோட்டை கல்லூரியில் நான் நீர்க்குறி, நெய்க்குறி பார்க்கப் படித்தவன். இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் சிறுநீரில் எந்தக் கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை எண்ணெய்த் துளி சொல்லாது. கல்ச்சர்தான் சொல்லும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் ஆரம்பித்த புதிதில் உப்பளத் தொழிலாளி ஒருவர் விலா வலியோடும் காய்ச்சலோடும் வந்தார். கல்லடைப்பு என்று கஷாயம் கொடுத்து நான்கு நாள் வைத்திருந்தேன். கல் குழாயை அடைத்து, மேலே சீழ் கட்டியிருந்தது. கடைசியில் ஆளைப் பிழைக்க வைத்தார்கள். கிட்னியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பம் இன்றும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறது. எனக்குத்தான் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை. கல்லோடு காய்ச்சல், நடுக்கம் என்றால் என்னைப் போன்ற வைத்தியர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம்கூட நிற்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கல் ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கடப்படாமல் கேளுங்கள். யூரின் கல்ச்சர் ரிசல்ட் வந்துவிட்டதா? கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்தீர்களா? உள்ளே அழுத்தம் ஏறாமல் என்ன ஏற்பாடு? கல் பெரிதாக இருந்து நேரம் இழுத்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் செய்வீர்களா? சர்க்கரை உள்ள பெண்கள் வீட்டில் இருந்தால் இதைக் கூடுதலாக அழுத்திக் கேளுங்கள். நேரம் நீள நீளத் தண்ணீரும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு தடவை படுக்க வேண்டியிருக்கிறதே என்று டாக்டரிடம் சண்டை போடுகிறவர்களும் நாம்தான்! உள்ளே சீழைப் பார்த்து, ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டரை, 'வேலை தெரியாதவர்' என்று ஊரெல்லாம் பேசுவோம். அவர்தான் உயிரைக் காப்பாற்றியவர். வீட்டுக்கு வந்த பிறகு குளிர் எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

போன மாதம் அந்த அம்மாவின் தம்பி வந்திருந்தார். அவருக்கும் கல், 11 மி.மீ. அக்காவுக்கு நடந்ததில் பயந்துபோய், "மூலிகையிலேயே கரைச்சுடுங்க டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்று சொல்லி, மேலே எழுதிய கேள்விகளை ஒரு சீட்டில் எழிதிக் கொடுத்து தஞ்சாவூருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார். பின்பக்கத்தில் சர்ஜன் கிட்னியையும் குழாயையும் படமாக வரைந்து, தண்ணீர் போகும் வழி, வரும் வழி இரண்டுக்கும் அம்புக்குறி போட்டிருந்தார்.

"பத்து நிமிஷம் உட்கார வச்சு விளக்கினார் டாக்டர். கல்ச்சர் வந்தப்புறம்தான் தேதி கொடுப்பேன்னுட்டார்" என்றார் அவர்.